கனகாம்பரம்: ரெண்டு செடி நட்டா போதும், மிச்சத்த மழை நட்டுக்கும்

மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல எங்க தாமான் (குடியிருப்பு) வீட்டு வாசல்ல இப்ப இருபதுக்கு மேல கனகாம்பரம் நிக்குது, நான் நட்டது ரெண்டுதான், அதுவும் எஸ்டேட் லயத்த காலி பண்றப்ப அம்மா மைலோ டின்னுல தூக்கிட்டு வந்தது.

முதல்ல செடிய பாத்து வாங்குங்க. டெல்லி கனகாம்பரம்னு ஒண்ணு இருக்கு, பூ பெருசா அழகாதான் இருக்கும், ஆனா விதையே பிடிக்காது, கிளைய ஒடிச்சுதான் நடணும். இது தெரியாம ஒரு வருஷம் அதுகிட்ட விதைக்கு காத்துக்கிட்டு இருந்தேன்!

அடுத்து விதை. பூ கொட்டுனதும் கதிர வெட்டாதீங்க, எல்லாரும் பண்ற தப்பு இதுதான். கதிர் பழுப்பா காயட்டும், உள்ள சின்ன சின்ன காய், ஒவ்வொண்ணுலயும் அதிகம் போனா நாலு விதை. காய்ஞ்ச காய் மேல தண்ணி பட்டா பட்டுனு வெடிச்சு விதை தெறிக்கும், அதனால சாயங்கால மழைக்கு முன்னாடி பறிச்சிடணும். பேப்பர் பைல போட்டு ரெண்டு சொட்டு தண்ணி தெளிச்சு உடனே வாய மடிச்சிடுங்க. நான் முதல் தடவ தட்டுல வச்சு தெளிச்சேன், சாமி மேடை வரைக்கும் பறந்துச்சு.

செம்பனை (எண்ணெய்ப் பனை) நாத்து வைக்கிற கறுப்பு பாலிபேக் இருந்தா அதே போதும். செம்மண், மணல், மக்குன சாணி கலந்து, விதைய போட்டு மேலாப்புல மண்ணு தூவுங்க, ஆழமா புதைக்காதீங்க. மண்ணு ஈரமா இருக்கணும், சொதசொதன்னு இருக்கக்கூடாது. ரெண்டு மூணு வாரத்துல முளைக்கும், சிலது ஒரு மாசம் கூட இழுக்கும். ரெண்டு மாசம் ஆனதும் ஓரடி இடைவெளி விட்டு நடுங்க. காலை வெயிலும் மத்தியான நிழலும் இருந்தா நல்லது, எங்க வீட்டுல ரம்புத்தான் மரத்தடி. தண்ணி தேங்குற இடம் வேணாம், வேர் அழுகிடும். நட்டு ரெண்டு மூணு மாசத்துல பூக்க ஆரம்பிக்கும்.

அப்புறம் செடிக்கு நாலு கதிர் பறிக்காம விடுங்க, மழையே வெடிக்க வச்சு விதைச்சிடும். அடியில முளைக்கிற நாத்த கரண்டியால மண்ணோட நோண்டி எடுத்து வேற இடத்துல வைங்க. வாசல முழுசா சிமெண்டு போடணும்ங்கறாரு வீட்டுக்காரரு, லோங்காங் (சாக்கடை) ஓரத்து வெடிப்புல மூணு முளைச்சிருக்கு, அத எடுக்கிற வரைக்கும் பொறுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.