கொச்சி பினாலேவைப் பார்க்கச் செல்வோருக்கு

2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி முசிரிஸ் பினாலே, ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி பகுதிகளின் பழைய கிடங்குகளிலும் வணிக மாளிகைகளிலும் பரந்து கிடக்கும் சமகாலக் கலைக் கண்காட்சி என்பதால், அதற்குக் குறைந்தது இரண்டு நாட்களையாவது ஒதுக்குங்கள். எர்ணாகுளத்திலிருந்து படகில் செல்வது சாலை நெரிசலைத் தவிர்க்கும், கட்டணமும் குறைவு.

காணொளிப் படைப்புகளுக்குத்தான் நேரம் மிகுதியாகத் தேவைப்படும். அவை எவ்வளவு நேரம் ஓடும் என்பதை வாயிலில் இருப்பவரிடம் கேட்டறிந்து, வெயில் ஏறும் நண்பகலில் அந்த இருட்டறைகளில் அமர்ந்து முழுமையாகப் பாருங்கள். பாதியில் எழுந்து வருவது படைப்புக்கு நியாயமாகாது. சுவரில் உள்ள விளக்கக் குறிப்பை, படைப்பைச் சில நிமிடங்கள் உற்றுப் பார்த்த பிறகே படியுங்கள். முதலில் உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.