சோலார் கம்பெனிக்கு போன் போடும் முன்: பில்லும் மொட்டை மாடியும்

சோலார் போடலாம் என்று நினைத்ததுமே பலரும் கேட்கிற கேள்வி, "எந்த கம்பெனி நல்லது?" அது நாலாவது கேள்வி. முதல் மூன்றுக்கும் விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பழைய பில்களை எடுங்கள்

கடந்த ஒரு வருடத்து இ.பி. பில், அதாவது ஆறு ரீடிங். கோடையில் ஏசி ஓடிய மாதங்களும் அதில் வந்துவிட வேண்டும். சராசரி யூனிட்டை 60 நாளால் வகுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆகவே வந்த விடையை 4-ஆல் வகுத்தால், எத்தனை கிலோவாட் வேண்டும் என்று தெரியும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். 700 என்றால் 3.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டைத் தாண்டாத வீடா? இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. அந்த அளவுக்குள் பில் ஏற்கெனவே குறைவுதான். போட்ட காசு திரும்ப வர ரொம்பக் காலம் ஆகும். 500-ஐத் தாண்டுகிற வீடுகளுக்குத்தான் நல்ல லாபம். அந்த 500-ஐத் தாண்டினால் கட்டணத்தின் கீழ்ப் படிகளில் சிலவற்றுக்கும் விலை ஏறிவிடுகிறது அல்லவா?

2. மாடியில் நிழல் பாருங்கள்

இந்த வேலைக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும், அதுவும் நிழல் விழாத இடமாக. காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு மாடி ஏறி, டேங்க், படிக்கட்டு அறை, பக்கத்து வீட்டுத் தென்னை இவற்றின் நிழல் எங்கே முடிகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள்.

ஒருநாள் பார்த்தது வருடம் முழுவதுக்கும் பொருந்தாது. மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால், சென்னையில் பத்தடி உயர டேங்கின் நிழல் நடுப்பகலிலேயே ஏழடிக்கு மேல் வடக்கே நீளும். சித்திரைக் கடைசியிலிருந்து ஆடி வரை மதிய வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து வரும். அப்போது நிழல் தெற்கே விழும், ஆனால் குட்டைதான். ஆகவே தெற்கில் நிற்கிற டேங்கைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

பேனல்களைச் சரம்போல ஒன்றோடொன்று கோத்திருப்பார்கள். ஒரு பேனலின் ஓரத்தில் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் பாதிக்கலாம். பேனல் தெற்கு பார்த்து, 10 டிகிரிக்குக் குறையாமல் சாய்ந்திருக்கட்டும். மழை வந்தால் தூசி தானாகக் கழுவிக்கொண்டு போகும்.

அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் கொட்டும் என்று நினைக்காதீர்கள். பேனலின் வாட் கணக்கு 25 டிகிரி வெப்பத்துக்கானது. மே மாதப் பேனல் 65 டிகிரிக்குச் சூடானால் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினாலு பங்கு குறையும். வெளிச்சம்தான் வேண்டும், சூடு வேண்டாம்.

3. எந்த வகை?

ஆன்-கிரிட் முறையில் பேட்டரி கிடையாது, மிச்ச மின்சாரம் இ.பி. லைனுக்குப் போகும். பலரும் போட்ட பிறகுதான் தெரிந்துகொள்ளும் விஷயம்: கரண்ட் கட் ஆனால், உச்சி வெயிலிலும் இந்த சோலார் வேலை செய்யாது. கம்பத்தில் வேலை பார்க்கிற லைன்மேனின் உயிரைக் காக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கட்டாகும்போதும் கரண்ட் வேண்டுமானால் பேட்டரி சேர்ந்த ஹைப்ரிட், அதற்கேற்ற கூடுதல் செலவு. கட் அதிகம் இல்லாத ஊரில் ஆன்-கிரிட்டோடு பழைய இன்வெர்ட்டரையும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

4. காகித வேலை

மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. மொத்தம் 78,000-தான் உச்சம். 5 கிலோவாட் போட்டாலும் அதே தொகைதான். இந்தியாவில் தயாரான செல் உள்ள பேனல் போட்டால்தான் மானியம், ஆகவே கொட்டேஷனில் அதை எழுதி வாங்குங்கள்.

விண்ணப்பம் திட்டத்தின் இணையதளத்தில், மின் இணைப்பு எண்ணை வைத்து. இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா? முதலில் பெயர் மாற்றம். அடுக்குமாடி என்றால் மாடி எல்லோருக்கும் பொது, சங்கத்தின் சம்மதக் கடிதம் வேண்டும்.

5. கொட்டேஷனில் பார்க்க வேண்டியவை

மூன்று இடத்தில் வாங்குங்கள். மொத்த விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். பேனலுக்கு 25 வருடம் என்பது அது தரும் மின்சாரத்தின் அளவுக்கான உத்தரவாதம். பொருளுக்கான உத்தரவாதம் தனி, அது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டருக்கு இன்னும் குறைவு.

நான் அதிகம் துருவிக் கேட்பது ஸ்டாண்டைப் பற்றித்தான். 2016 வர்தாவையும் 2018 கஜாவையும் பார்த்த மாநிலம் இது. துத்தநாகப் பூச்சுள்ள கனமான இரும்பா, எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்கிட்டது என்று கேளுங்கள். தட்டோடு பதித்த தளத்தில் துளை போட்டால் மழைக்காலத்தில் ஒழுகக்கூடும். கான்கிரீட் பீடம் கட்டி நிறுத்தச் சொல்லுங்கள். வடகம் காயவைக்க இடம் வேண்டுமென்று ஏழெட்டு அடி உயர்த்தலாம், ஆனால் காற்றின் பிடியும் அதற்கேற்பக் கூடும். இடிதாங்கிக்கும், பேனலிலிருந்து வரும் டிசி மின்சாரப் பக்கத்துக்கும், வீட்டுக்குப் போகும் ஏசி மின்சாரப் பக்கத்துக்கும் தனித்தனி எர்த்திங் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

கழுவுவதற்கு மாடியில் ஒரு குழாய் வையுங்கள். உப்புத் தண்ணீர் வெள்ளைக் கறை படியவிடும். கழுவுவது விடியற்காலையில்; கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது.

6. பணம்

தவணையாகக் கொடுங்கள். நெட் மீட்டர் மாட்டி, போகிற யூனிட்டும் வருகிற யூனிட்டும் தனித்தனியே ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கடைசித் தவணை. மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், கம்பெனிக்காரர் கைக்கு அல்ல.