காட் ஆஃப் வார் தொடரை மறுபடி ஆட உட்காருகிறவர்களுக்கு

இந்த வீடியோ கேம் தொடரை எந்த வரிசையில் ஆடுவது என்ற கேள்விதான் முதலில் வரும். கதைக் காலப்படி என்றால் அசென்ஷன் என்ற பாகம் முதலில் வர வேண்டும். அப்படித் தொடங்காதீர்கள். வெளிவந்த வரிசையிலேயே போங்கள். நாயகன் கிரேட்டோஸின் உடம்பு ஏன் சாம்பல் வெள்ளையாக இருக்கிறது என்பதை 2005இல் வந்த முதல் கேம் நம்மைக் காக்க வைத்துத்தான் சொல்கிறது. மனைவி, மகளின் சாம்பல் அவன் தோலில் ஒட்டியிருக்கிறது என்பது தெரியவரும் அந்த இடத்துக்கு அதன் வழியிலேயே போய்ச் சேர வேண்டும்.

கிரேக்கப் புராணத்தில் நடக்கும் கிரேக்க பாகங்களுக்கு ஒரு பழைய பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) போதும். முதல் இரண்டும் ஒரு தொகுப்பாகவும், கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்கு வந்த இரண்டும் இன்னொரு தொகுப்பாகவும் அதில் வந்தன. மூன்றாம் பாகமும் அசென்ஷனும் அதற்காகவே எடுத்தவை. பழையது வாங்கும்போது டிஸ்க் படிக்கிறதா, ஃபேன் கத்துகிறதா என்று கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். மூன்றாம் பாகம் மட்டும் 2015இல் பிஎஸ்4க்கும் வந்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு ஹெட்போன் போட்டு ஆடுங்கள். இந்த பாகங்களில் ரத்தம் மட்டுமில்லை, படுக்கையறைக் காட்சிகளும் உண்டு.

சண்டையின் கடுமையைக் குறைத்தே வையுங்கள். கடினத்தில் ஜெயிப்பது முதல் முறைக்கான சந்தோஷம். மறுமுறை ஆடும்போது கண்ணுக்கும் மனசுக்கும் இடம் வேண்டும். ஆனால் முதல் பாகத்தில் பாதாளத்தில் வரும், கத்தி பதித்த சுழலும் தூண்களுக்கு எந்தக் கடுமை அளவும் உதவாது. அங்கே அவசரப்படாமல், கத்தி கடந்து போகும் வரை நின்று, கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள்.

நான் மறுபடி ஆடுவதே ஒரு பட்டனுக்காகத்தான். வட்டம் போட்ட பட்டன். கதவைத் தூக்க அதை அடிக்கிறோம், எதிரியைக் கிழிக்கவும் அதையே அடிக்கிறோம். முதல் முறை விரல் பழகிப்போய் எதுவும் உறைக்காது. பிஎஸ்பிக்கு வந்த செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸின் கடைசிப் பகுதியில் கிரேட்டோஸ், மறுவுலகில் சந்தித்த தன் மகள் கலியோப்பியை விட்டுப் பிரிய வேண்டும். அவள் கட்டிக்கொண்டு விடமாட்டாள். அவளைத் தள்ளிவிட அதே பட்டனை நாம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இடத்தில் வேகமாக அடித்து முடித்துவிடாதீர்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் விரல் நின்றுவிடுகிறது.

மூன்றாம் பாகத்தில் இது உச்சத்துக்குப் போகிறது. கடல் கடவுள் பொசைடன் சாவதை அவன் கண் வழியாகவே பார்க்கிறோம். அந்தக் கண்ணைக் குத்தும் விரல்கள் நம்முடையவை. சூரியக் கடவுள் ஹீலியோஸின் தலையைக் கையாலேயே பிடுங்கி எடுத்து, அப்புறம் விளக்காகத் தூக்கிக்கொண்டு திரிகிறோம். முடிவில் கடவுள்களின் அரசனான சீயஸை வெறுங்கையால் குத்தும்போது திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். அதற்குப் பிறகும் அடித்தால் குத்து விழுந்துகொண்டே இருக்கும். கேம் நம்மைத் தடுக்காது. நாமாக நிறுத்தினால்தான் கதை நகரும். திரை சிவந்ததும் கையை எடுத்துப் பாருங்கள்.

அசென்ஷனை வேகமாகக் கடந்துவிடலாம். சண்டை அழகு, கதையில் கனம் குறைவு. பிஎஸ்பியின் இன்னொரு பாகமான கோஸ்ட் ஆஃப் ஸ்பார்டாவை மட்டும் தவறவிடாதீர்கள், கிரேட்டோஸின் தாயும் தம்பியும் வருவது அதில்தான்.

நார்ஸ் (வட ஐரோப்பிய) புராணத்துக்கு மாறும் 2018 பாகத்துக்கு வரும்போது நடையை மாற்றுங்கள். பழைய சேவ் இருந்தாலும் நியூ கேம் பிளஸ் (முன்பு சேர்த்த ஆயுதங்களோடு மறுபடி தொடங்குவது) வேண்டாம், கோடாரியோடு புதிதாகத் தொடங்குங்கள். நான்கு கடுமை அளவுகளில் மிகக் கடினமானதைத் தேர்ந்தெடுத்தால் நடுவில் மாற்ற முடியாது என்பதை நினைவில் வையுங்கள். கேமரா தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டப்படாமல் போகிறது, அதனால் கிரேட்டோஸின் கைகளை நன்றாகக் கவனிக்கலாம். முன்கையில் கட்டுத்துணி சுற்றியிருக்கிறான். உள்ளே இருப்பது பழைய வாள்களைக் கையோடு பிணைத்த சங்கிலியின் தழும்பு என்று கிரேக்க பாகங்களை ஆடியவருக்குத் தெரியும். மான் வேட்டைக்குப் பிறகு மகன் ஏட்ரியஸின் தோளைத் தொடப் போய், தொடாமலே கையை இழுத்துக்கொள்கிறான். மகளைத் தள்ளிவிட்ட கை அது. தரைக்கடியில் புதைத்த பழைய வாள்களை எடுக்க வீட்டுக்குப் போகும் காட்சியை ஒரே இரவில், நடுவில் எழுந்திருக்காமல் ஆடுங்கள். அங்கிருந்து, இறந்தோர் உலகமான ஹெல்ஹெய்மில் சீயஸின் கொலை அவன் கண்ணெதிரே திரும்ப வரும் வரைக்கும் சேர்த்துத்தான்.

படகில், துணைக்கு வரும் பேசும் தலையான மிமிர் கதை சொல்லும்போது கரையிறங்க வேண்டாம். இறங்கினால் நிறுத்திவிட்டு, மறுபடி ஏறும்போது தொடர்வான் என்றாலும், ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிக் கேட்பதே நல்லது. வால்கிரிகள் என்ற கடினமான எதிரிகளைக் கதை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2022இல் வந்த அடுத்த பாகமான ரக்னராக் முடிந்ததும் வல்ஹல்லாவுக்குப் போங்கள். 2023 டிசம்பரில் இலவசமாகச் சேர்த்த பகுதி அது. செத்துச் செத்துத் திரும்பத் தொடங்கும் அமைப்பு என்பதால் இங்கேயும் கடுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிரேட்டோஸ் தன் கிரேக்கக் காலத்தை நேரில் எதிர்கொள்வது இங்கேதான், ஹீலியோஸின் தலை வந்து பேசுவதும் இங்கேதான். அதைப் பிடுங்கியது விரலுக்கு நினைவிருக்கும்போதே இதைக் கேட்க வேண்டும். ஆகவே மூன்றாம் பாகத்துக்கும் இதற்கும் நடுவே பல மாதம் இடைவெளி விட்டுவிடாதீர்கள்.