மேசியா அரசரைப் பற்றிய தீர்க்கதரிசனங்கள்: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாவீதின் வம்சத்தில் தோன்றும் மேசியாவை, அதாவது அபிஷேகம் பெற்ற அரசரைப் பற்றிய வாக்குகள் இயேசு கிறிஸ்துவில் நிறைவேறின என்று வாசிப்பது, திருச்சபையின் தொடக்கத்திலிருந்தே வரும் வழக்கம். அந்த வாசிப்பை நானும் ஏற்கிறேன். ஆனால் நம் பிரசங்கங்களிலும் வேதபாட வகுப்புகளிலும் அது பல நேரம் அவசரத்தில் நடக்கிறது.

முதல் தவறு, அந்த வாக்குகளுக்குரிய பழைய அரசர்களை மறந்துவிடுவது. இவற்றுக்கெல்லாம் ஊற்று 2 சாமுவேல் 7. கர்த்தருக்கு ஆலயம் கட்ட விரும்பிய தாவீதுக்கு, கர்த்தரே அவனுக்கு ஒரு வீட்டை, அதாவது நிலைத்த அரச வம்சத்தை, உண்டாக்குவார் என்ற மறுமொழி தீர்க்கதரிசி நாத்தான் வழியாக வருகிறது. ‘நான் அவனுக்குப் பிதாவாயிருப்பேன்’ என்று தொடங்கும் 14ஆம் வசனத்தின் முற்பகுதியை எபிரெயர் 1:5 கிறிஸ்துவைக் குறித்துச் சொல்கிறது. அதே வசனத்தின் பிற்பகுதியோ, அவன் அக்கிரமம் செய்தால் மனுஷருடைய மிலாற்றினால் தண்டிப்பேன் என்கிறது. பாவமற்றவர் என்று நாம் அறிக்கையிடும் இயேசுவுக்கு இது நேராகப் பொருந்தாது; ஆலயத்தைக் கட்டிப் பின்னாளில் வழுவிப்போன சாலொமோனுக்கும் அவன் வழிவந்த அரசர்களுக்கும் பொருந்துகிறது. அரசனுக்குப் பின் அரசன் தவறியும் ரத்தாகாமல், கி.மு. 586 வாக்கில் எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்து சிம்மாசனமே இல்லாமற்போன பிறகும் அந்த வாக்கு நம்பிக்கையாக நின்றது. கிறிஸ்தவ வாசிப்புக்கு வலுவூட்டுவது இந்த நீண்ட வரலாறுதான். பாதி வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்பவர் அதை இழந்துவிடுகிறார்.

அரசர் தாழ்மையோடு கழுதையின்மேல் ஏறி வருகிறார் என்னும் சகரியா 9:9ஐயும் நாம் இப்படித்தான் குறுக்கிவிடுகிறோம். குருத்தோலை ஞாயிறு தவறாமல் வாசிக்கப்படும் இந்த வசனத்தை விளக்குபவர்கள், கழுதை ஏழைகளின் வாகனம் என்பதோடு நிறுத்திக்கொள்வதுண்டு. ஆனால் சாலொமோனை அரசனாக அபிஷேகம் செய்யக் கீகோனுக்கு அழைத்துப் போனபோது, தாவீதின் கோவேறு கழுதையின்மேல்தான் ஏற்றினார்கள் (1 இராஜாக்கள் 1). ஆகவே அது அரசுரிமையின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். போர்க்குதிரையில் வராததிலேயே அந்த அரசரின் தாழ்மை தெரிகிறது. 10ஆம் வசனம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: எப்பிராயீமின் இரதங்களும் எருசலேமின் குதிரைகளும் அற்றுப்போகும், யுத்தவில்லும் இல்லாமற்போகும், அவர் ஜாதிகளுக்குச் சமாதானம் கூறுவார். மத்தேயு மேற்கோள் காட்டுவது 9ஆம் வசனத்தை. அடுத்த வசனம் சொல்லும் சமாதானம் உலகெங்கும் வந்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

இயேசுவை மேசியாவாக ஏற்காத யூதரின் மறுப்பு பிறப்பதும் இங்கேதான். அதைக் குருட்டுப் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது மிகக் கேடான தவறு. 1263இல் பார்சிலோனாவில், அரகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸின் முன்னிலையில் நடந்த வாதத்தில், ரபி நக்மானிடிஸ் இதையே எடுத்துவைத்தார்: பட்டயங்கள் மண்வெட்டிகளாக மாறும் என்று ஏசாயா சொன்ன காலம் வரவில்லை, உலகம் இன்னும் கொடுமையால் நிறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸும், மேசியா தாவீதின் அரசை மீட்டு, ஆலயத்தைக் கட்டி, சிதறிய இஸ்ரவேலரைக் கூட்டிச் சேர்ப்பவர் என்று வரையறுத்திருந்தார். அவர்கள் தங்கள் வேதத்தை உண்மையாக வாசித்தே இந்த முடிவுக்கு வந்தார்கள். மீதியானது கிறிஸ்துவின் இரண்டாம் வருகையில் நிறைவேறும் என்பது நம் விசுவாசம். அதை விசுவாசம் என்றே சொல்ல வேண்டும், நிரூபணம் என்று சொல்லக்கூடாது.

இயேசுவின் காலத்து யூதர் அனைவரும் ரோமரை விரட்டும் ஒரே ஒரு போர்வீர அரசனுக்காகக் காத்திருந்தார்கள் என்பதும் சரியல்ல. கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயு எருசலேமைக் கைப்பற்றியதன் பின்னணியில் எழுந்த ‘சாலொமோனின் சங்கீதங்கள்’ என்ற யூதப் பாடல் தொகுப்பு அந்நியரை அகற்றும் தாவீதின் குமாரனைப் பாடினாலும், சாக்கடலருகே வாழ்ந்த கும்ரான் என்னும் யூத சமூகத்தின் ஒழுங்குமுறைச் சுருள் ஆரோனின் மேசியா, இஸ்ரவேலின் மேசியா என இருவரைச் சொல்கிறது.

அரசு என்பதை உள்ளத்துக்குள் மட்டும் நடப்பதாகச் சுருக்கிவிடுவதையும் தவிர்க்க வேண்டும். ஏழைகளுக்கு நியாயம் செய்வதே 72ஆம் சங்கீதத்தின் அரசனுக்கு முதல் வேலை. உயிர்த்தெழுந்த ஆண்டவரிடம் சீஷர்கள், இராஜ்யத்தை இஸ்ரவேலுக்கு இக்காலத்திலா திரும்பக் கொடுப்பீர் என்று கேட்டபோது (அப்போஸ்தலர் 1:6), காலங்களை அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்றாரே தவிர, அப்படி ஓர் இராஜ்யமே இல்லை என்று அவர் சொல்லவில்லை.