குழந்தை நடுச்சாமத்தில் வாந்தியெடுத்தால் எங்கிருந்து காரணம் தேடுவது?

இரவு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய குழந்தை நடுச்சாமத்தில் எழுந்து வாந்தியெடுக்கிறது. காலையில் ஒன்றுமே நடவாததுபோல் விளையாடுகிறது. காய்ச்சலும் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. ஒரு முறை என்றால் செரிக்கவில்லை என்று விட்டுவிடலாம். இரண்டு வாரம் கழித்து மீண்டும் அதேபோல் நடந்தால் காரணத்தைத் தேடத்தான் வேண்டும். அந்தத் தேடலுக்கு, வாந்தியில் என்ன இருந்தது என்பதைவிட, அது எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன்னும் பின்னும் குழந்தை எப்படி இருந்தது என்பதே பெரும்பாலும் அதிகம் உதவுகிறது.

முதலில் அன்றிரவைக் கவனிப்போம். குழந்தையை மல்லாக்கப் படுக்கவிடாமல் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாந்தி நின்றபின் 10 நிமிடம் எதுவும் கொடுக்காமல் காத்திருந்து, பிறகு ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுங்கள். தாகத்தில் தம்ளரோடு கேட்டாலும் கொடுக்காதீர்கள். மொத்தமாகக் குடித்தது மொத்தமாக வெளியே வந்துவிடும். பொட்டலம் முழுவதையும், அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் வாந்தி மருந்தை, மருத்துவர் இப்போதைய எடையைப் பார்த்து அளவு சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

வாந்தி பச்சை நிறமாக இருந்தாலோ, இரத்தம் கலந்திருந்தாலோ, குழந்தை விட்டுவிட்டு அலறிக் கால்களை வயிற்றோடு மடக்கினாலோ, 6 முதல் 8 மணி நேரமாகச் சிறுநீரே கழிக்காவிட்டாலோ, பகலில் தலையில் அடிபட்டிருந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பச்சை வாந்தி குடல் அடைப்பின் அடையாளமாக இருக்கக்கூடும். குடலேற்றம் என்று சொல்லி வயிற்றை உருவிவிடுவதும் தொக்கம் எடுக்க அழைத்துச் செல்வதும் இந்த நிலையில் உயிர்காக்கும் நேரத்தை வீணாக்கிவிடும்; அன்போடு செய்பவர்களையும் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். படுத்த சிறிது நேரத்தில் வாந்தி வந்தால், இருமல் முந்தியதா என்று கேளுங்கள். இருமி இருமி எடுக்கும் வாந்திக்குக் காரணம் பெரும்பாலும் வயிற்றில் இல்லை. சளி தொண்டையில் இறங்குவதோ, வீசிங்கோ, கக்குவான் இருமலோ இருக்கலாம், அதற்கு மருத்துவம் பார்த்தால் வாந்தியும் நின்றுவிடும். இருமலே இல்லையென்றால் எதுக்களிப்பைச் சந்தேகிக்கலாம். தூங்கப்போகும் நேரத்தில் வயிறு நிறையப் பால் கொடுக்கும் பழக்கத்தை மாற்றிப் பார்ப்பது எளிய சோதனை.

உண்ட 1 முதல் 4 மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப வாந்தியெடுத்துக் குழந்தை வெளிறித் துவண்டுபோனால், உணவுப் புரதத்தைக் குடல் ஏற்காத ஒருவகை ஒவ்வாமையை நினைக்க வேண்டும். இதில் தோலில் தடிப்பு எழுவதில்லை. அதனால்தான் ஒவ்வாமை என்ற எண்ணமே யாருக்கும் வருவதில்லை. பசும்பால், சோயா, முட்டை, மீன் ஆகியவற்றோடு நாம் முதல் உணவாக ஊட்டும் அரிசியும் இதைத் தூண்டக்கூடும்.

ஆழ்ந்த உறக்கத்தில் வருவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதுதான் அதிகம் தவறிப்போகிறது. 3 முதல் 6 வயதுக்குள் பெரும்பாலும் தொடங்கும் ஒருவகை வலிப்பு உண்டு. பனயோட்டோபுலோஸ் நோய்க்குறி என்பது அதன் பழைய பெயர். கைகால் வெட்டி இழுப்பதைத்தான் நாம் வலிப்பு என்று அறிவோம். இதிலோ குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்து குமட்டுகிறது, முகம் வெளிறுகிறது, வாந்தியெடுக்கிறது, பிறகு கண்கள் ஒரு பக்கமாகச் செருகி நிற்க, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் தொய்ந்துபோகிறது. அரை மணி நேரம்கூட இப்படி நீளலாம். வாந்தியில் களைத்துத் தூங்கிவிட்டது என்று பெற்றோர் நினைப்பது இயல்பே. ஆகவே விளக்கைப் போட்டதும் கண்களைப் பாருங்கள், பெயர் சொல்லி அழைத்துப் பதில் வருகிறதா என்று கவனியுங்கள், உடனிருப்பவரைக் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். வாயில் எதையும் வைக்கவோ கையில் சாவியைத் திணிக்கவோ வேண்டாம்; 5 நிமிடத்தைத் தாண்டினால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. பரிசோதனையும் குழந்தை நரம்பியல் மருத்துவரின் ஆலோசனையும் தேவைப்படும். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில ஆண்டுகளில் இது தானாகவே விலகிவிடுகிறது என்பதைப் பயந்துபோயிருக்கும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

விடியற்காலை வாந்திக்கு இரண்டு முகங்கள் உண்டு. சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரே நேரத்தில், ஒரே விதமாக வந்து, இடைப்பட்ட நாட்களில் குழந்தை முழு நலத்துடன் இருந்தால் அது சுழற்சி வாந்தியாக இருக்கலாம். குடும்பத்தில் யாருக்கேனும் ஒற்றைத் தலைவலி இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பார். மாறாக, எழும்போது தலைவலியும் சேர்ந்து, நாளுக்கு நாள் கூடி, நடை தடுமாறினாலோ, கண் மாறுகண்ணானாலோ, தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருந்தாலோ மூளையின் அழுத்தம் கூடியிருக்கக்கூடும். இது மிக அரிது, ஆனால் தள்ளிப்போடக் கூடாதது.

நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தரையில் பாய் விரித்துத் தூங்கும் குழந்தை நள்ளிரவில் வயிற்றுவலி என்று அழுது வாந்தியெடுத்து, பிறகு கண் இமைகள் தொங்கத் தொடங்கினால் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். அந்தப் பாம்பின் கடியில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருப்பதில்லை, பல்தடமும் கண்ணில் படாமல் போகலாம். விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு அப்போதே செல்ல வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது தேதி, மணி, கடைசியாக உண்டது என்ன, எப்போது, எத்தனை முறை வாந்தி வந்தது, எவ்வளவு நேரத்தில் தெளிந்தது என்று எழுதிய தாளையும் கைப்பேசிப் படத்தையும் கொண்டுசெல்லுங்கள். குழந்தை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதா, நிறுத்தியிருந்த படுக்கை நனைப்பு மீண்டும் தொடங்கியிருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். இவை சிறுபிள்ளைச் சர்க்கரை நோயின் தொடக்க அடையாளங்கள். இவற்றோடு வாந்தியும் சேர்ந்தால் அன்றே இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.