கிரேக்கச் சிலையா? முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள்

அருங்காட்சியகத்தில் நிற்கும் கிரேக்கக் கடவுள் யாரென்று தெரிய, முகத்தைப் பார்க்காமல் கையையும் காலையும் பாருங்கள். சியூஸ், பொசைடன் இருவருக்கும் அதே தாடி, அதே கம்பீரம். மின்னற்படை ஏந்தியவர் சியூஸ். திரிசூலம் என்றால் பொசைடன். கணுக்காலில் சிறகு முளைத்த செருப்பா, ஹெர்மீஸ். சிற்பிகள் முகத்தை இலட்சிய அழகில் ஏறக்குறைய ஒரே வார்ப்பாகச் செதுக்கினார்கள். ஆளைக் காட்டிக்கொடுப்பது பொருள்தான்.

கையில் இருந்தது தொலைந்துபோயிருந்தால் இது பலிக்காது. ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் அர்தெமிசியன் வெண்கலச் சிலை 2.09 மீட்டர் உயரம். எறிய ஓங்கிய வலக்கை வெறுமையாக நிற்கிறது. சியூஸா, பொசைடனா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. பிற்காலத்தில் ஒட்டவைத்த கைகளையும் நம்பிவிடாதீர்கள்.