பழைய டிஷ்ஷில் சூரிய நீராவி மின்சாரம்: தட்டட்டியில் செய்து பார்த்தது

1878-ல் பாரிஸ் கண்காட்சியில் அகஸ்டின் மூஷோ என்ற பிரெஞ்சுக்காரர் வெயிலைப் பளபளப்பான உலோகத் தகட்டால் குவித்து நீராவி எஞ்சினை ஓட்டிக் காட்டினார். அந்த ஊர் வெயிலிலேயே ஓடியது நம்ம பாளையங்கோட்டைப் பங்குனி வெயிலில் ஓடாதா என்றுதான் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) வேலையை ஆரம்பித்தேன். ஓடியது. ஆனால் ஒரு இடத்தில் வசமாக மாட்டினேன், அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் டிஷ். டிடிஎச் தட்டு பத்தாது. கேபிள்காரர்கள் முன்பு வைத்திருந்த 6 அடி டிஷ் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். கண்ணாடிக் கடையில் மிஞ்சும் துண்டுகளை 2 அங்குலச் சதுரமாக வெட்டி வாங்கி, சிலிக்கோன் பசை வைத்து நிழலில் ஒட்டுங்கள். ஆயிரம் துண்டு வரை பிடிக்கும். பளபளப்புத் தாள் சுருங்கிப் போகும், எனக்குக் கண்ணாடிதான் பிடித்தது.

வெளிச்சம் குவியும் இடத்துக்குக் கணக்கு இருக்கிறது: விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுக்க வேண்டும். என் டிஷ்ஷின் விட்டம் 180 செ.மீ., ஆழம் 28 செ.மீ., வந்தது 72 செ.மீ. அங்கே கால் அங்குல ஏசி செம்புக் குழாய் 4 மீட்டரைக் கொசுவர்த்திச் சுருள் மாதிரிச் சுற்றி, சைலன்சருக்கு அடிக்கும் கருப்புப் பெயின்ட் பூசி மாட்டுங்கள்.

தண்ணீருக்கு மருந்தடிக்கும் சின்னக் கைப்பம்ப் போதும், நிமிடத்துக்கு 25 மில்லி போனால் சரி. இடையில் நீராவி திரும்பி வராமலிருக்க ஒருவழி வால்வு கட்டாயம் வேண்டும்.

இனி மாட்டிய இடம். இணைப்புகளுக்கெல்லாம் சாதா ஈயம் (ஈயமும் வெள்ளீயமும் கலந்த சால்டர்) வைத்துப் பற்றவைத்திருந்தேன். ஒரு மத்தியானம் பம்பில் தண்ணீர் தீர்ந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டே நிமிடத்தில் இணைப்பிலிருந்து ஈயம் பாதரசம் மாதிரி உருண்டு சொட்டியது, குழாய் கழன்று, மிச்சமிருந்த நீராவி என் மணிக்கட்டை உரசிக்கொண்டு போனது. உள்ளே தண்ணீர் ஓடுகிற வரை செம்பு அவ்வளவாகச் சூடேறாது. வறண்டுவிட்டால் சரசரவென்று ஏறும், இந்தச் சால்டர் ஈயமோ 190 டிகிரியிலேயே உருகிவிடும். ஏசி மெக்கானிக் அண்ணாச்சி பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு ஈயம் வைக்கப்படாது, பிரேசிங்தான் வைக்கணும்" என்று அவரே வைத்துக் கொடுத்தார். பிரேசிங் என்றால் இதைவிட அதிகச் சூட்டில்தான் உருகும் உலோகக் கம்பியை உருக்கி ஒட்டுவது. இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

சுருளுக்கும் எஞ்சினுக்கும் நடுவே குக்கர் வெயிட்டை அதன் குழலோடு பொருத்துங்கள், அழுத்தம் கூடினால் அது நீராவியை வெளியே விட்டுவிடும். அடைப்பு வால்வு எதுவும் அங்கே கூடாது, நீராவியை டப்பாவில் சேர்த்து வைக்கவே கூடாது. எஞ்சினுக்கு லேத் பட்டறையில் செய்த ஒற்றை சிலிண்டர், அதன் சக்கரத்தில் சைக்கிள் டைனமோ. 6 வோல்ட், 3 வாட் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். சின்ன டர்பைன் வேண்டாம், வேகமாகச் சுற்றுமே தவிர பாரம் இழுக்காது.

சூரியன் 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகரும். டிஷ்ஷின் விளிம்பில், அது நோக்கும் திசைக்கே ஒரு ஆணி அடித்து, நிழல் மறையும்படி அவ்வப்போது திருப்புங்கள். வெல்டிங் கண்ணாடி இல்லாமல் கிட்டே போகாதீர்கள். வேலை முடிந்ததும் சாக்கைப் போட்டு மூடுங்கள். ஆடிக் காற்றில் டிஷ் நிற்காது, கழற்றி இறக்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: போர் தண்ணீர் ஊற்றலாமா என்று திசையன்விளையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். நானும் ஊற்றி, நாலே நாளில் சுருளுக்குள் வெள்ளையாக உப்பு படிந்து தண்ணீர் போகவில்லை. வினிகரை ஒரு ராத்திரி ஊறவிட்டுத்தான் எடுத்தேன். இப்போது பக்கத்து வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுகிறேன்.